ஆசிரியரை ஆக்குவோம்

(லாங் பஜாரில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரு கல்விச் சங்கம் தளராது நடைபெற்று வந்துள்ளது என்பது எளிய செய்தியன்று. இந்த லாங் பஜாரில் மூட்டை சுமந்தவர்களும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில் சுண்ணாம்புக் குழிகளில் நின்று உழைத்தவர்களும், ஷூ கம்பெனிகளில் நாளெல்லாம் மேல்தோல் தைத்த தாய்மார்களும் அளித்த சந்தாவில் வளர்ந்த சங்கம் இது. அவர்களை வணங்கி என் உரையைத் தொடங்குகிறேன்.

‘பள்ளியில் சமநீதி’ என்னும் பொருள் குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இதில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. பள்ளியின் கதவு நமக்குத் திறந்துவிட்டது. ஆயினும் ஆசிரியரின் நாற்காலியைப் பற்றியும், ஆசிரியரை உருவாக்கும் பயிற்சிக் கூடத்தைப் பற்றியும் நாம் போதிய கவலை கொள்ளவில்லை. சமநீதி அங்கேதான் நிலைபெறும் அல்லது நிலைகுலையும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். 1893ஆம் ஆண்டில், பஞ்சமர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட நம் மக்களின் கல்விக்காகச் சென்னை அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. தனிப் பள்ளிகள் திறப்பதற்கு மட்டுமன்றி, ஆசிரியர் பயிற்சி பெறும் நம்மவர்க்கு உதவித்தொகை வழங்கவும் அதில் வகை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, 1894இல், கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர்த் தொழிலாளர் இலாகா நடத்திய ‘லேபர் பள்ளிகள்’ வந்தன. அவையே காலப்போக்கில் அரிசன நலப் பள்ளிகளாகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று பெயர் பெற்றன.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஆரணிக்கு அருகே பிறந்தவர் சுவாமி சகஜானந்தர். நந்தனாரை உள்ளே விடத் தயங்கிய சிதம்பரத்தில், அந்த நந்தனாரின் பெயராலேயே 1916இல் கல்விக் கழகம் நிறுவி, எண்ணற்ற பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சட்டமன்றத்தில் நம் குரலை ஒலித்த ராவ் பகதூர் எம். சி. ராஜா அவர்கள் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். தலைவராவதற்கு முன் ஆசிரியராக இருந்தவர் அவர் என்பதை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

இன்றைய நிலை என்ன? 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நலிந்த பிரிவுப் பிள்ளைகளை எவ்வகையிலும் பாகுபடுத்தலாகாது என்கிறது. மாணவரை உடலால் தண்டிப்பதையும் உள்ளத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சட்டம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வகுப்பறையில் நடப்பது என்ன? “உதவித்தொகை வாங்குவோர் எல்லாம் எழுந்து நில்லுங்கள்” என்னும் ஒரு சொல்லில் ஒரு பிள்ளையின் சாதி ஊரறியப் பறைசாற்றப்படுகிறது. “உன் அப்பா டேனரியில்தானே வேலை செய்கிறார், நீயும் அங்கேதான் போகப் போகிறாய்” என்னும் ஒரு சொல்லில் பத்து வயதுச் சிறுவனின் எதிர்காலம் அடைக்கப்படுகிறது. நம் பிள்ளைகளையே கழிவறை கழுவப் பணித்த செய்திகள் இந்நாளிலும் ஏடுகளில் வந்திருக்கின்றன. இவற்றைச் செய்வோர் அனைவரும் கொடியவர்கள் அல்லர். பலர் தாம் வளர்ந்த வீட்டிலும் தெருவிலும் கற்றதை வகுப்பறைக்குக் கொண்டு வருகின்றனர். குழந்தை உளவியலும் கற்பித்தல் முறைகளும் பயின்ற அவர்களுக்கு, எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைமீது சாதி எவ்வாறு இயங்குகிறது என்பதை எவரும் முறையாகக் கற்பிக்கவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் பயின்ற மாணவர்களே பட்டியல் சாதி மாணவன் ஒருவனின் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினர். தடுக்கச் சென்ற தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குதல், வருகைப் பதிவேட்டில் சாதி இடம்பெறாமை, மாணவரைச் சாதி சுட்டி அழையாமை, ஆசிரியர்க்கு நடத்தை விதிகள், ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தைத் திருத்துதல் ஆகியவை அதன் பரிந்துரைகளுள் அடங்கும். இவற்றுள் இறுதியாகச் சொன்னதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. அதுவே வேர் என்பது என் கருத்து.

பெயர் மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025இல் நலத்துறை விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதிகள்’ எனப் பெயர் சூட்டப்பட்டதும், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்னும் சொல் நீக்கப்படும் என அறிவிக்கப்பட்டதும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் நம் மாவட்டத்தின் அனுபவம் நமக்கு ஒரு பாடம். 1989இல் இம்மாவட்டம் அண்ணல் அம்பேத்கர் பெயரைத் தாங்கிற்று. சாதிக் கலவரங்களை ஒட்டி 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டபோது அப்பெயரும் மறைந்தது. பெயர் போயிற்று, சாதி போகவில்லை. பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். பலகைக்குக் கீழே நின்று பாடம் சொல்பவரை ஒரே நாளில் மாற்ற இயலாது.

இதனைக் கடல் கடந்த நாடொன்றின் வரலாறும் உணர்த்துகிறது. 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்தில் நம்மைப் போன்ற மக்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்குச் சென்றார். அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதவர் என்று அவரைத் தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினார். முதலில் திடுக்கிட்ட அவர், எண்ணிப் பார்த்து, அது உண்மையே என உணர்ந்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். நிறத்தின் பெயரால் அங்கு நடந்ததும் பிறப்பின் பெயரால் இங்கு நடந்ததும் அத்துணை நெருக்கமானவை.

அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று, கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பது சமத்துவத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மகத்தான தீர்ப்பு. ஆனால் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. வெள்ளையர் பிள்ளைகளுக்குக் கறுப்பினத்தவர் பாடம் சொல்வதை விரும்பாத நிருவாகங்கள் அவ்வாசிரியர்களை வீட்டுக்கு அனுப்பின. தென் மாநிலங்களிலும் அவற்றின் எல்லை மாநிலங்களிலும் அவ்வாறு வேலையிழந்த ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் ஏறத்தாழ 38,000 பேர் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பொதுப் பள்ளிக்குள் சென்றனர். அவர்களை நம்பிய ஆசிரியர்கள் வெளியே நின்றனர்.

இதனை நான் ஏன் சொல்கிறேன்? தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையின்கீழ்க் கொணர்வதாக 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. சந்துரு குழுவும் அதனையே பரிந்துரைத்தது. சேரிக்கொரு பள்ளி, ஊருக்கொரு பள்ளி என்னும் பிரிவு ஒழிய வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால் இணைப்பு நிகழுமாயின், அப்பள்ளிகளின் நிலமும், விடுதிகளும், நம் மக்களிலிருந்து வந்த ஆசிரியர்களின் பணியும் பதவி உயர்வும் சிறிதும் குறையாமல் காக்கப்பட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். பொதுப் பள்ளி என்றால் பிள்ளைகள் மட்டுமன்றி ஆசிரியர்களும் கலந்திருத்தல் வேண்டும். பிற சாதிப் பிள்ளைகள் நம்மவர் ஒருவரை ‘ஐயா’ என்றும் ‘டீச்சர்’ என்றும் அழைத்துப் பாடம் கேட்கும்போது, எந்தச் சட்டமும் செய்யாத மாற்றம் அவர்கள் உள்ளத்தில் நிகழும்.

ஆகவே, இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஆண்டுதோறும் நம் பிள்ளைகளுள் சிலரையேனும் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சிக்கும் பி.எட். படிப்புக்கும் அனுப்பச் சங்கம் பொறுப்பேற்க வேண்டும்; ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு மாலை வகுப்பு நடத்த வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளை மறுநாளே ஷூ கம்பெனி வண்டியில் ஏற்றிவிடும் குடும்பத்தின் வறுமையை நான் அறிவேன். அந்த ஈராண்டுச் சம்பளத்தை ஈடுசெய்யும் உதவித்தொகை இல்லாமல் அறிவுரை மட்டும் பயன்தராது.

இரண்டாவது, அவ்வுதவியில் அருந்ததியர் பிள்ளைகளுக்கும் தூய்மைப் பணியாளர் பிள்ளைகளுக்கும் முதலிடம் தர வேண்டும். 2009இல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அத்தகைய உட்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. பிறரிடம் சமநீதி கேட்கும் நாம், நமக்குக் கீழே ஒரு படி இருப்பதாக எண்ணுவோமாயின் நம் கோரிக்கையின் வலிமை குன்றும்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் அமர வேண்டும். அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினர்க்கு உரிய இடம் அளிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். கூலி போய்விடுமே என்று கூட்டத்துக்குச் செல்லாதிருந்தால் நம் இடத்தில் வேறொருவர் அமர்வார்.

இளைஞர்களே, டாக்டராகுங்கள், என்ஜினீயராகுங்கள், ஆட்சிப் பணிக்குச் செல்லுங்கள், மகிழ்ச்சியே. ஆனால் உங்களுள் சிலர் ஆசிரியராகுங்கள். தொழிலதிபராக உயரும் ஒருவர் தம் குடும்பத்தை உயர்த்துவார். நல்லாசிரியர் ஒருவரோ தம் பணிக்காலத்தில் ஆயிரம் பிள்ளைகளிடம் “உன்னால் முடியும்” என்று சொல்லிவிட்டுச் செல்வார்.

இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இம்மேடையில் நின்று பேசுபவர் இச்சங்கத்தின் மாலை வகுப்பில் படித்து ஆசிரியரானவராக இருக்க வேண்டும் என வாழ்த்தி அமைகிறேன். ஜெய் பீம். வணக்கம்.