சிகாகோவில் அழுதவர்கள்



தேர்தலில் தோற்றவர் வீட்டில் அழுகை கேட்டால் அதில் வியப்பில்லை. வென்ற பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் அழுத ஓர் இரவைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

2008 நவம்பர் 4. அமெரிக்காவின் சிகாகோ நகரம், கிரான்ட் பூங்கா. இரவு பத்து மணிக்கு, அடுத்த அதிபர் கறுப்பினத்தவரான பராக் ஒபாமா என்று தொலைக்காட்சிகள் அறிவித்தன. பூங்காவே அதிரும்படி ஆரவாரம் எழுந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, விரலை உதட்டில் அழுத்தியபடி, கன்னத்தில் கண்ணீர் வழிய நின்றிருந்தார் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன். வயது 67. அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது.

ஜாக்சன் 1984இலும் 1988இலும் அதிபர் வேட்பாளராக முயன்று, கட்சிக்குள்ளேயே தோற்றவர். 1968இல் மெம்ஃபிஸ் நகர விடுதியில் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டபோது அங்கே இருந்தவர். கிரான்ட் பூங்காவில் என்ன நினைத்து அழுதீர்கள் என்று பின்னாளில் கேட்டபோது, இதைப் பார்க்க உயிரோடு இல்லாதவர்களைத்தான் அவர் சொன்னார்.

அவர்கள் யார்? அமெரிக்காவில் நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தம் 1870லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு தென் மாநிலங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. வாக்களிக்க வரி கட்டு என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியுமா என்று தேர்வு வைத்தார்கள். யார் தேறினார், யார் தேறவில்லை என்று சொல்வது பதிவு அலுவலரின் இஷ்டம். பெயரைப் பதியப் போன கறுப்பின மக்கள் வேலையை இழந்தார்கள். சிலர் உயிரையே இழந்தார்கள்.

1965 மார்ச் 7 அன்று, அலபாமா மாநிலத்தின் செல்மா ஊரில், வாக்குரிமை கேட்டு நடந்து போனவர்களைப் பாலத்தருகே காவலர்கள் தடியால் அடித்தார்கள். ஜான் லூயிஸ் என்ற இளைஞரின் மண்டை உடைந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு மிசிசிப்பி மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பின மக்களில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. சட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே அது பாதிக்கு மேல் ஏறியது. மண்டை உடைந்த ஜான் லூயிஸ் பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானார்.

வெற்றி உரையில் ஒபாமா ஒரு மூதாட்டியைப் பற்றிப் பேசினார். அட்லாண்டா நகரத்து ஆன் நிக்ஸன் கூப்பர், வயது 106. பெண் என்பதாலும் கறுப்பினத்தவர் என்பதாலும் இளமையில் வாக்களிக்க முடியாதவர், இந்தத் தேர்தலில் திரையை விரலால் தொட்டு வாக்களித்திருந்தார். ஒபாமாவின் கண்ணிலும் தேர்தலுக்கு முந்தின நாள் கண்ணீர் வந்தது. அவரை வளர்த்த பாட்டி மேட்லின் டன்ஹம், முடிவைப் பார்க்காமலே ஹவாயில் காலமாகியிருந்தார். பாட்டி முன்கூட்டியே போட்ட வாக்கு செல்லும் என்று தேர்தல் அதிகாரிகள் சொன்னார்கள்.

எதிர்த்தரப்பு வாக்காளரையும் மறந்துவிடக் கூடாது. ஒபாமாவுக்கு ஏறக்குறைய 7 கோடிப் பேர் வாக்களித்தார்கள் என்றால், ஜான் மெக்கெய்னுக்கு வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 6 கோடி. ஃபீனிக்ஸ் நகரில் மெக்கெய்ன் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசியபோது, ஒபாமாவின் பெயரைக் கேட்டதும் அவருடைய ஆதரவாளர்கள் கூச்சலிட்டார்கள். மெக்கெய்ன் கையமர்த்தி அவர்களை அடக்கினார். இந்த வெற்றி கறுப்பின மக்களுக்கு எவ்வளவு பெரியது என்று தமக்குப் புரிகிறது என்றார். தோற்றவரின் வாயிலிருந்து அது வந்ததால் அதற்கு மதிப்பு கூடுதல்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். 2013இல், அதே ஒபாமா வெள்ளை மாளிகையில் இருக்கும்போதே, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியமான காவலை அகற்றியது. வாக்குரிமையில் பாகுபாடு காட்டிய வரலாறு உள்ள மாநிலங்கள், தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் செயலிழந்தது. கிரான்ட் பூங்காவில் அழுதவர்களின் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் ஓர் அதிபரின் வெற்றியால் மட்டும் ஒரு சட்டத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

யார் வென்றார் என்ற செய்தி ஓர் இரவில் வந்துவிடும். யாருக்கெல்லாம் வாக்கு உண்டு என்பதை மக்கள்தான் ஒவ்வொரு தேர்தலிலும் விழித்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நேயர்களே, அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயரும் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.