வடக்கே திரும்பும் விருந்தாளிகள்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு என் பாராட்டுகள். பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சேர்த்து ஒரு வேலை சொல்லப் போகிறேன். இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் இந்த வேலையைச் செய்த சிலர் ஓர் ஆற்றங்கரையையே காப்பாற்றியிருக்கிறார்கள்!

நம் நாட்டில் வசந்த காலம் உண்டா? "இல்லீங்க ஐயா, வெயிலும் மழையும்தான்" என்பீர்கள். சரிதான். ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடலோரச் சேற்றுத் திடலுக்குப் போய்ப் பாருங்கள். வடக்கே வசந்தம் வருகிறது என்பதைப் பறவைகள் தங்கள் உடம்பிலேயே எழுதிக் காட்டும். சைபீரியா பக்கமிருந்து மங்கிய நிறத்தோடு வந்த பொன்னிற உப்புக்கொத்திக்கு, திரும்பும் நேரத்தில் வயிறு கறுக்கத் தொடங்கும். முதுகில் பொற்புள்ளிகள் மின்னும். வளைந்த அலகுள்ள ஒருவகை உள்ளான், சாம்பல் சட்டையைக் கழற்றிவிட்டுச் செங்கல் நிறச் சட்டை மாட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி!

தமிழர்க்கு இது புதிதா? சத்திமுற்றப் புலவர் தம் வறுமையை மனைவிக்குச் சொல்ல நாரையைத் தூது விட்டார் என்று படித்திருப்பீர்கள். தெற்கே போன நாரை வடக்கே திரும்பும் என்பதை அவர் கவனித்திருக்கிறார். கவனித்ததைச் சொல்லியும் வைத்தார். அதனால்தான் நமக்கும் தெரிகிறது.

இனி அந்த ஆற்றங்கரைக் கதைக்கு வருவோம். ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், சுங்கை பூலோ என்று ஓர் இடம். நம் சிலாங்கூரில் இருக்கும் ஊர் அல்ல. பெயர் மட்டும்தான் ஒன்று. மலாயில் 'மூங்கில் ஆறு' என்று பொருள். இறால், மீன் வளர்த்த குளங்களும் அலையாத்திக் காடும் சேறும் நிறைந்த பகுதி. யார் எட்டிப் பார்ப்பார்கள்? 1986-ஆம் ஆண்டு, மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் சிலர் எட்டிப் பார்த்தார்கள். வடக்கிலிருந்து வந்த கரைப்பறவைகள் அங்கே ஏராளம்! வேளாண் தொழில்நுட்பப் பூங்காவாக மாறவிருந்த நிலம் அது.

கண்டவர்கள் "ஆகா, அழகு!" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. என்னென்ன பறவைகள் வருகின்றன என்பதை எடுத்துச் சொல்லி, இடத்தைக் காக்கும்படி அரசாங்கத்திடம் கேட்டார்கள். 1989-இல் அது இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6-இல் திறப்பு விழா கண்டது. 2002-இல் 130 ஹெக்டர் பரப்புள்ள பாதுகாப்பு வனமாயிற்று.

இன்று அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? கடல் நீர் பெருகியதும் வெளியே உள்ள சேற்றுத் திடல் மூழ்கிவிடும். பறவைகள் பழைய இறால் குளங்களுக்குள் வந்து இறங்கும். மதகு வழியாகக் குளத்து நீரைக் குறைத்து வைத்திருப்பார்கள். விருந்தாளிகள் நின்று இளைப்பாறலாம், பசியாறலாம். உண்ட கொழுப்புதான் அவற்றின் நெடும்பயணத்துக்குப் பெட்ரோல்! அங்கிருந்து கிளம்பும் சிவப்புக்கால் உள்ளான்கள் சில, இமயமலையைக் கடந்து திபெத்துப் பீடபூமிக்குப் போவதைச் செயற்கைக்கோள் கருவி காட்டியிருக்கிறது.

ஆனால் வழியெல்லாம் இப்படி இல்லையே! சைபீரியா, அலாஸ்கா முதல் ஆஸ்திரேலியா வரை 22 நாடுகளைத் தொடும் இந்தப் பாதையில் 5 கோடிக்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் போய்வருகின்றன. சீனா, கொரியா நடுவே உள்ள மஞ்சள் கடலோரம் அவற்றின் முக்கியமான தங்குமிடம். அங்கே சுமார் 50 ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட சேற்றுத் திடல் மறைந்துவிட்டது. சாப்பாட்டுக் கடை மூடிக் கிடந்தால் பயணி என்ன செய்வான்?

ஆகவே, தம்பி தங்கைகளே, ஒரு குறிப்புப் புத்தகம் வாங்குங்கள். நாள், நேரம், இடம், பறவை, எத்தனை என்ற ஐந்தையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. காலின் நிறத்தையும் அலகின் வடிவத்தையும் வரைந்து வையுங்கள். பத்தைப் பார்த்துவிட்டு நூறு என்று எழுதாதீர்கள். போன வருஷம் வந்தது இந்த வருஷம் வரவில்லையென்றால், "வரவில்லை" என்றே எழுதுங்கள். அதுதான் மிகப் பெரிய செய்தி! எழுதியதைப் பெட்டியில் பூட்டாமல் ஆசிரியரிடம் காட்டுங்கள், நண்பர்களோடு ஒப்பிடுங்கள், இயற்கைக் கழகத்தாரிடம் சொல்லுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் ஊரெல்லாம் சொல்லாதீர்கள், குஞ்சுகளுக்கு ஆபத்து.

பறவைக்கு வாக்குச் சீட்டு இல்லை; மனுப் போடத் தெரியாது. அதற்காகப் பேச, பார்த்தவர் எழுதிய நாலு வரிதான் இருக்கிறது. அந்த நாலு வரி உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும்.