தீம் பார்க்கில் போன் கையில் இருக்காது

(அரையாண்டு விடுமுறையை முன்னிட்டு, நம் சங்கத்தின் நவம்பர் மாதப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்தாயிற்று. விடுமுறையைப் பற்றி ஒரு பத்து நிமிடம் பேசச் சொல்லி செயலாளர் கேட்டுக்கொண்டார். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, கொஞ்ச நாளில் பொங்கல். எந்தத் தீம் பார்க் போகலாம், டிக்கெட் எவ்வளவு என்று நம் வாட்ஸ்ஆப் குரூப்பில் இப்போதே விசாரணை ஆரம்பமாகிவிட்டது. நம்மில் பலரும் சின்ன வயதில் வி.ஜி.பி., கிஷ்கிந்தா, எம்.ஜி.எம். என்று போய் வந்தவர்கள்தான். வி.ஜி.பி.யில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்றுப்போனவர்கள் கை தூக்குங்கள் என்றால், இங்கே பாதிப் பேர் தூக்குவீர்கள்.

எந்த பார்க் நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கே போனாலும் விடுமுறைக் கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் குழந்தையையும் பெரியவர்களையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைத்தான் பேச வந்தேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ரைடில் 24 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறி, பெல்ட் மாட்டி, சுற்றி, இறங்க 4 நிமிடம். அப்படியென்றால் மணிக்கு 15 சுற்று, 360 பேர். உங்களுக்கு முன்னால் 270 பேர் நின்றால் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலை 11 மணிக்கு உள்ளே போய் மாலை 6 மணிக்கு வெளியே வந்தால் 7 மணி நேரம். சாப்பாடு, உடை மாற்றுவது, கழிப்பறை, லாக்கர் என்று 2 மணி நேரம் போய்விடும். மீதி 5 மணி நேரத்தில் பெரிய ரைடு என்று பார்த்தால் ஐந்தோ ஆறோதான். விளம்பரத்தில் எத்தனை ரைடு போட்டிருந்தாலும் கூட்ட நாளில் உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

ஆகவே, "கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்" என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்த அவசரத்தில்தான் குடும்பம் நாலு திசையில் பிரிகிறது. அதற்குப் பதிலாக, முந்தின நாள் இரவு எல்லோரும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ரைடு சொல்லுங்கள். ஐந்து பேர் என்றால் ஐந்து ரைடு. பாட்டிக்கும் ஒன்று உண்டு. அவர் ராட்டினம் என்று சொன்னால் அதற்கும் எல்லோரும் போக வேண்டும். குழந்தையின் உயரத்தையும் வீட்டிலேயே அளந்து, அந்த பார்க்கின் இணையதளத்தில் எந்த ரைடுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பினால் அந்த அழுகையை நிறுத்த ஐஸ்கிரீம் போதாது.

கூட்டம் ஒன்றும் புதிதல்ல. 1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவில் அனாஹைம் நகரில் டிஸ்னிலாண்டைத் திறந்தபோது, அன்றைக்கு அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆனால் போலி டிக்கெட்டோடும் ஆட்கள் வந்துவிட்டார்கள். சுமார் 28,000 பேர் உள்ளே. நல்ல வெயில். பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. உலகத்திலேயே பெயர்பெற்ற பூங்காவின் முதல் நாளே அப்படி. எனவே உள்ளே நுழைந்ததும் ரைடைத் தேடாமல், குடிதண்ணீர், நிழல், கழிப்பறை, முதலுதவி அறை இந்த நாலும் எங்கே என்று பாருங்கள். டிசம்பர்தானே என்று நினைக்க வேண்டாம். தண்ணீரிலேயே ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் கோடை விடுமுறையில் நம் குடியிருப்பிலிருந்து ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பார்க்குக்குப் போனோம். பெயர் வேண்டாம். அலைக்குளத்திலிருந்து கரையேறியபோது, இரண்டாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவனைக் காணோம். அப்பாவோடு இருக்கிறான் என்று அம்மா நினைத்திருந்தார். சித்தப்பாவோடு இருக்கிறான் என்று அப்பா நினைத்திருந்தார். எல்லோருடைய போனும் லாக்கரில். லாக்கர் சாவி சித்தப்பா கையில். அவரோ வேறு ஒரு ரைடின் க்யூவில்.

25 நிமிடம் தேடினோம். அந்த அம்மாவின் கண் குளத்தை விட்டு நகரவே இல்லை. அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

பையன் பத்திரமாகத்தான் இருந்தான். தின்பண்டக் கடை பக்கம் அழுதுகொண்டு நின்றவனை ஓர் ஊழியர் உட்கார வைத்திருந்தார். கேட்டால், பையன் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறான். தன் பெயர், அம்மா பெயர், அம்மாவின் பத்து இலக்க நம்பர், எதுவும் தப்பாமல் சொல்லியிருக்கிறான். ஊழியரும் நாலு முறை அடித்திருக்கிறார். பூட்டிய லாக்கருக்குள் மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதே நேரத்தில் அவன் பாட்டி, குளத்துக்கு எதிரே ஒரு நிழலில், ஆறு குடும்பத்துப் பைகளுக்கும் காவலாக, கைப்பையில் போனோடு உட்கார்ந்திருந்தார். பாட்டியின் நம்பர் பையனுக்குத் தெரியாது.

நாம் இன்று எதற்கெடுத்தாலும் போனை நம்புகிறோம். தண்ணீர் விளையாட்டு உள்ள பார்க்கில் போன் கையில் இருக்காது. நாம் ஏற்பாடு செய்ய வேண்டியது இதை வைத்துத்தான்.

ஒன்று, நம்பர். குழந்தையின் கையில் எழுத வேண்டியது அப்பா அம்மா நம்பர் அல்ல. தண்ணீரில் இறங்காமல் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கும் போனின் நம்பர். காணும் பொங்கலன்று மெரினாவில் காவல்துறையினர் பெற்றோர் நம்பர் எழுதிய பட்டையைப் பிள்ளைகளின் கையில் கட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே யோசனைதான். பால்பாயின்ட் பேனா அழிந்துவிடும். தண்ணீரில் அழியாத மார்க்கரால் எழுதுங்கள். அந்தப் போனின் மணி முழுச் சத்தத்தில் இருக்கட்டும். இன்னொன்று: "தெரியாத நம்பரிலிருந்து வந்தால் எடுக்காதீங்க" என்று மோசடிக்காரர்களுக்குப் பயந்து நாமேதான் பெரியவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அன்று ஒரு நாள் மட்டும் எந்த நம்பர் வந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு, இடம். உள்ளே போனதும் எல்லோருக்கும் தெரியும்படியான ஓர் இடத்தைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்டி, "யாரையும் காணோம் என்றால் இங்கே" என்று சொல்லுங்கள். "கேட் பக்கம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. கேட் பல இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் என்றால் தேடி அலைய வேண்டாம், நின்ற இடத்திலேயே நிற்கட்டும். சீருடை போட்ட ஊழியரிடமோ, குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ கையிலிருக்கும் நம்பரைக் காட்டட்டும்.

மூன்று, போட்டோ. காலையில் வாசலில் ஒன்று, நீச்சல் உடைக்கு மாறியதும் ஒன்று எடுத்து, உட்கார்ந்திருப்பவரின் போனுக்கு அனுப்புங்கள். "என்ன கலர் சட்டை?" என்று ஊழியர் கேட்கும்போது பதற்றத்தில் பெற்ற தாய்க்கே நினைவு வராது.

நான்கு, பொறுப்பு. "பிள்ளைங்களப் பாத்துக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆள் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். அவர் "சரி" என்று சொன்ன பிறகு நகருங்கள். தண்ணீரில் சின்னப் பிள்ளைகள் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். மூழ்குகிறவர் சினிமாவில் போலக் கத்திக் கைவீச மாட்டார். பெரும்பாலும் சத்தமே இருக்காது. ரப்பர் வளையமும், உயிர்காக்கும் ஊழியரும் உங்கள் கண்ணுக்கு மாற்று அல்ல.

குழந்தையைக் காணோம் என்றால் நாமே தேடிப் பார்க்கலாம் என்று நேரத்தைக் கழிக்காமல் உடனே ஊழியரிடம் சொல்லுங்கள். முதலில் தண்ணீரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகப் பார்த்த இடத்தில் ஒருவர் நிற்கட்டும், இன்னொருவர் பேசிவைத்த இடத்துக்குப் போகட்டும். அவசர உதவிக்கு 112. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டும் 24 மணி நேரமும் உண்டு.

கடைசியாக, பைகளோடு உட்கார்ந்திருப்பவரைப் பற்றி. பெரும்பாலும் அது பாட்டியோ தாத்தாவோதான். அவரும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருக்கிறார். காலையிலிருந்து மாலைவரை செருப்புக்கும் துண்டுக்கும் காவல் இருந்துவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறுகிறார். மணிக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். அந்த ஒரு போன் நாற்காலியோடு இருக்கட்டும். ஆள் மாறலாம், போன் மாறக் கூடாது. அப்போது பாட்டியும் கால் நனைப்பார், ராட்டினத்தில் ஏறுவார். உட்கார்ந்திருப்பவருக்கு நிழலும், தண்ணீரும், சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையும் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மதியச் சாப்பாட்டை 12 மணிக்கே முடித்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது; கூட்டம் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில் ரைடு க்யூவும் கொஞ்சம் குறையும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு அம்மாவின் முழுப் பெயர் என்ன, பாட்டியின் போன் நம்பர் என்ன என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால், விடுமுறைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. தினமும் சாப்பிடும்போது ஒரு முறை சொல்ல வைத்தால் போதும். கைப்பட்டையும் மார்க்கரும் சங்க அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். போகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம்.

எல்லோருக்கும் விடுமுறை நல்லபடியாக அமையட்டும்.