புரியாத படிவத்தில் கையெழுத்து வேண்டாம்

விமானப்படை நிலையத்தை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டைக்கு இந்தி பேசுறவங்க புதுசில்ல. ஆவடி மாநகராட்சி விஷயம்னா 1100-ல தமிழிலேயே சொல்லிடலாம். சிக்கல் வங்கியிலதான்.

கவுண்டர்ல நீட்டுற படிவம் புரியலைன்னா கையெழுத்துப் போடாதீங்க. மாற்றலாகி வந்த ஊழியரோடு சண்டையும் வேண்டாம். பாவம், அவருக்கும் நாம பேசுறது புரியல. படிவங்கள் வட்டார மொழியிலும் இருக்கணும்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. தமிழ்ப் படிவம் கேளுங்க. இல்லைன்னா கிளை மேலாளருக்குத் தமிழிலேயே புகார் எழுதி, நகலில் தேதியோட முத்திரை வாங்கி வைங்க. அந்த முத்திரைதான் பின்னால பேசும். 30 நாளில் பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தியில்லைன்னாலோ, ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரத்துக்கு 14448, தமிழிலும் பேசுவாங்க.

தபால், ரயில்வேன்னா? அங்கேயும் தமிழில் மனு கொடுக்க அரசியலமைப்பின் 350-வது பிரிவு உரிமை தருது.