மண்ணின் உரிமை மன்னன் தந்ததா?

(அச்சுவேலியில் உழவர்களும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு காணி உங்களுடையது என்று யார் சொல்ல வேண்டும்? கச்சேரியா? கொழும்பா? அன்றிச் சுண்ணக்கல்லைப் பிளந்து கிணறு வெட்டி, செம்மண்ணைப் பண்படுத்தி, வெங்காயமும் புகையிலையும் விளைவித்த கைகளா? இது நமது கேள்வி மட்டுமன்று. உலகின் பல மூலைகளிலும் பூர்வகுடிகள் நீதிமன்றப் படிகளில் ஏறி நின்று கேட்ட கேள்வி.

அவுஸ்திரேலியாவின் வடகோடியில், தொரஸ் நீரிணையில், மேர் என்றொரு சிறு தீவு உண்டு. அத்தீவினரான எடி மாபோவும் வேறு நால்வரும் 1982ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தனர். தங்கள் தோட்டங்களுக்குத் தங்கள் வழமைப்படி எல்லையும் வாரிசும் உண்டு என்பது அவர்கள் வாதம். முடியாட்சி வந்த அன்றே மண் முழுவதும் முடிக்குரியதாயிற்று என்பது அரசின் வாதம். பத்தாண்டுகள் வழக்கு நடந்தது. 1992 ஜனவரியில் மாபோ மறைந்தார். அவ்வாண்டு ஜூன் 3ஆம் நாள், நீதியரசர் எழுவரில் அறுவர் அத்தீவினர் பக்கம் தீர்ப்பளித்தனர். அக்கண்டம் யாருக்கும் உரியதல்லாத நிலமாகக் கிடந்தது என்ற பழங்கொள்கை அன்று வீழ்ந்தது. பூர்வீக உரிமை அரசன் வழங்கிய நன்கொடையன்று. அரசன் வருமுன்னரே இருந்தது. தீர்ப்பின் சாரம் இதுவே. மறு ஆண்டு அதற்கெனத் தனிச்சட்டமும் பிறந்தது.

1840இல் வீசிய வாள்

இலங்கையில் நடந்தது என்ன? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆட்சியில்லா நிலமும், மாறாக எண்பிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்று ஊகித்தது. அன்பர்களே, அந்த ஊகத்தைக் கவனியுங்கள்! எண்பிக்கும் சுமையைக் குடியானவன் தலையில் ஏற்றிவிட்டு, அரசு கைகட்டி நின்றது.

வழமையைச் சட்டம் ஏற்க இயலாது என்பார் உளர். அவர்களுக்கு விடை நம் கையிலேயே இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தத் திசாவையான கிளாஸ் ஐசாக்ஸ் நமது தேசவழமையைத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைச் சரிபார்த்தனர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். காணியை விற்பவர் பங்காளிக்கு முதலிடம் தர வேண்டுமென்ற வழமை 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நிலைபெற்றது. மனமிருந்தால் வழமை சட்டமாகும், இது சரித்திரம்.

நம் நிலையும் மேர் தீவினர் நிலையும் ஒன்றென்று யான் சொல்லேன். நம்மிடம் தோம்பும் உறுதியும் உண்டு. அவர்களிடம் அத்தகைய உறுதி இல்லை. எனினும் இருவரையும் வெட்டும் வாள் ஒன்றே: "நீ எண்பி, இல்லையேல் அரசுக்குரியது" என்ற வாள்.

துரத்தப்பட்டவன் விட்டுச் சென்றவனா?

1990இல் வலிகாமம் வடக்கிலும் அதை அடுத்த கிழக்குப் பகுதிகளிலும் மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். 2013இல் அம்மண்ணில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணி உரிமையாளர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றனர். பின்னர், 2015 முதல், நிலம் பகுதி பகுதியாக விடப்படலாயிற்று.

2025 மார்ச் 28ஆம் நாள் வர்த்தமானி வடமாகாணத்தின் 5,940 ஏக்கர் பற்றிப் பேசியது. மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் அவை அரசுக்குரியவையாகலாம்! உறுதி போரில் எரிந்தது; உரிமையாளர் ஒருவர் கனடாவில், ஒருவர் கல்லறையில்; பிள்ளைகளுக்கு எல்லை தெரியாது. இவர்களுக்கா மூன்று மாதம்? ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடை நமக்கு மூச்சு விட அவகாசம் தந்தது. உரிமையைத் தீர்த்துத் தரவில்லை.

அவுஸ்திரேலியாவிலும் இதே பள்ளம் உண்டு. யோர்ட்டா யோர்ட்டா மக்களின் வழக்கு 2002இல் தோற்றது. ஏன்? அவர்களுடைய மரபு இடையறாது தொடரவில்லை என்றனர். அறுத்தவர் யார்? குடியேற வந்தவர்! துரத்தியவனே, "நீ இங்கு இருக்கவில்லையே" என்று கேட்பது நீதியாகுமா? பலவந்தத்தால் விலகியிருந்த காலம் உரிமைக்கு எதிராக எண்ணப்படலாகாது. நமது கோரிக்கையின் உயிர்நாடி இதுவே.

கடலும் ஒரு காணி

கரைவலைப் பாடு எவருக்கு, எந்நாள் என்பதை நம் கரையோர மக்கள் வழமையாலேயே வகுத்து வந்தனர். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மீண்டும் மக்களுக்குத் திறந்தது. இருபத்தேழு ஆண்டுகள் அக்கடல் அவர்களுக்குக் காட்சிப் பொருளாயிற்று. 2008இல் அவுஸ்திரேலிய உயர்மன்றம், ஆர்ணெம் நிலத்துக் கரையில் கடல் ஏறி இறங்கும் இடைப்பகுதியில் மீன்பிடிக்க நிலவுரிமையுடைய பூர்வகுடிகளின் அனுமதி வேண்டும் என்று தீர்த்தது. கரையோடு கடலையும் சேர்த்தே உரிமை கேட்க வேண்டும்.

நமக்கு முன் நிற்பவர்

இத்தீவில் பூர்வகுடி என்ற சொல்லுக்கு முதல் உரித்துடையோர் வேடர். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது, அவர்கள் வேட்டையாடிய காடு அவர்களுக்கே குற்றவிடமாயிற்று. கிழக்குக் கரையில் தமிழ் பேசும் வேடரும் வாழ்கின்றனர். அவர்களுக்கு மறுத்துவிட்டு நமக்கு மட்டும் நீதி கேட்டால், அக்குரலுக்கு வலு இராது.

வீட்டையும் பெருக்குவோம். மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணச் சட்டம் விதித்தது. சாதியின் பேரால் கிணற்றடியில் மனிதரைத் தள்ளி நிறுத்தியதும் இம்மண்ணின் வழமைதான். வழமை என்பதற்காக அநீதியைப் பேணலாகாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, ஒவ்வொரு ஊரிலும் முதியோர் உயிரோடிருக்கும்போதே காணி எல்லை, கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால், மேய்ச்சல் தரவை, கரைவலைப் பாடு அனைத்தையும் எழுதிப் படம் வரைந்து கையொப்பமிட்டு வைத்தல். இரண்டு, சட்டத்தரணிகள் ஊதியம் கருதாது ஊருக்கு ஒரு நாள் ஒதுக்குதல். மூன்று, எண்பிக்கும் சுமை அரசைச் சாரவும், இடம்பெயர்ந்த காலம் கழிக்கப்படவும், வேடரின் உரிமை ஏற்கப்படவும் சட்டத் திருத்தம் கோருதல். 2007இல் ஐக்கிய நாடுகள் சபையில் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அவ்வாக்கை இங்கும் நிறைவேற்றுக என்று கேட்போம்.

உழவன் கணக்கு ஏட்டிலும் ஏற வேண்டும். நாளைக்கே தொடங்குங்கள்.