பற்றவைப்புக் கலை: ஒரு மதிப்பீடு

திருப்பதியில் ரயில்வேயின் பெட்டி பழுதுபார்க்கும் தொழிற்சாலை ஒன்று இருப்பதையும், ஏழுமலையானைத் தரிசிக்க வரும் பக்தர்களில் சிலராவது அங்கே செப்பனிட்ட பெட்டிகளில் ஏறி வந்திருக்கக்கூடும் என்பதையும் நம்மில் அநேகர் எண்ணிப் பார்த்ததில்லை. ஓயாமல் நீர் கசியும் கழிவறையின் அடியிலும், வாயிற்படியின் ஓரத்திலும் எஃகுத் தகடு துருவேறி இற்றுப்போக, அந்தப் பாகத்தை வெட்டியெடுத்து, புதுத் தகடு பொருத்திப் பற்றவைத்து, மேலே வர்ணமும் பூசிவிட்டால், அதைச் செய்த கையை உலகம் மறந்துவிடுகிறது. ஆகவே, ஒருவரும் பாராத இடத்திலும் வேலையை ஒழுங்காகச் செய்யும் சுபாவத்தை உண்டாக்குவதே இக்கலைப் பயிற்சியின் பிரதான லட்சியம் என்பது என் அபிப்பிராயம்.

1950-ல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்படி நடைபெறும் தொழிற்பயிற்சி நிலையங்களான ஐ.டி.ஐ.களில் ஃபிட்டர் படிப்பு 2 வருஷம்; வெல்டர் படிப்போ 1 வருஷந்தான். சித்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் அந்த ஒரு வருஷத்தில் கற்கவேண்டியது கொஞ்சமன்று. கருங்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, பற்றவைக்கும் ராடின் நுனிக்கும் தகட்டுக்கும் இடையே ஏறக்குறைய ராடின் கனமளவே இடைவெளி விட்டு, 3.15 மில்லிமீட்டர் ராடு கரையக் கரையக் கையையும் இறக்கிக்கொண்டே வரவேண்டும். இடைவெளி கூடினால் பொறி சிதறும், குறைந்தால் ராடு தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். சீராக ஓடும்போது வடகம் பொரிவதுபோல் ஓர் ஓசை எழும். தேர்ந்த ஆசான், முகத்தைத் திருப்பி நின்றாலும், அவ்வோசையைக் கொண்டே மாணாக்கனின் கையை அறிந்துகொள்வார்.

ஆறியபின் கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால், வரிவரியாக அழகிய தையல் தென்படும். நல்ல ஆசான் அவ்வழகில் மயங்குவதில்லை. துண்டை வைஸில் இறுக்கிச் சம்மட்டியால் அடித்து உடைக்கச் சொல்லுகிறார். உள்ளே கசடு சிக்கியிருந்தாலும், ஈர ராடினால் துளைகள் விழுந்திருந்தாலும், அடிவரை உலோகம் உருகிக் கலவாதிருந்தாலும், முறிந்த முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். தன் வேலையைத் தானே உடைத்துப் பரீட்சித்துப் பழகியவனே, 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் வழியாகத் தொழிற்சாலைக்குள் நுழையும்போது, அனுபவசாலிகளின் பக்கத்தில் கூசாமல் நிற்பான்.

ராடும் தகடும் விலையுள்ள பொருள்கள்தாம்; ஆயினும் அவற்றில் சிக்கனம் பிடித்து, கரும்பலகையிலேயே பாடத்தை முடித்துச் சான்றிதழ் கொடுப்பது, எத்துணை பெரிய கட்டடத்தில் நடந்தாலும், பயிற்சியாகாது. பிள்ளையை இத்தொழிலுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், கட்டணத்தையும் ஹாஸ்டலையும் விசாரிப்பதற்கு முன்னால், அங்கே ஒரு மாணாக்கன் எத்தனை ராடு எரிக்கிறான், எத்தனை துண்டுகளை உடைத்துப் பார்க்கிறான் என்று விசாரிப்பார்களாக.