வாய் வழியா, ஊசி வழியா?

(செவிலியர் பயிற்சி பெறும் மாணவ மாணவியருக்கு ஜெகதாப்பட்டினத்தில் நிகழ்த்திய உரை)



மருந்து உடலுள் புகும் வாயில்கள் பல. விழுங்கிய மருந்து குடலில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலைக் கடந்தே குருதியை அடைகிறது, ஆதலின் தாமதமாகும். தசையில் இட்டது பெரும்பாலும் அதனினும் விரைந்து சேரும். சிரையில் ஏற்றியது உடனே சேரும். ஏற்றியபின் திரும்ப எடுக்க இயலாது. இவற்றுள் எது உயர்ந்தது என்று வினவுதல் பொருந்தாது. இன்சுலினை விழுங்கினால் செரித்துப் போகும். ஆகவே தோலடியில் இடுகிறோம். நெஞ்சுவலிக்குரிய நைட்ரோகிளிசரின் மாத்திரையை நாவின் அடியில் வைக்கிறோம். விழுங்கினால் கல்லீரல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும்.

ஆயினும் நம் மக்களிடையே ஊசிக்கே மதிப்பு மிகுதி. ஊசி போடாத வைத்தியமும் ஒரு வைத்தியமா என்று கேட்போர் நம் தெருக்களில் இன்றும் உளர். கடலிலும் வயலிலும் உழைத்த ஒரு நாள் கூலி, வேண்டாத ஊசிக்குப் போய்விடுகிறது. தூய்மையற்ற ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றுவதும் உண்டு.

1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்துப் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோசு, சமையலுப்பு, சோடா உப்பு ஆகியவற்றை நீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். அதை நோயாளிகளுக்குப் புகட்டியோர் பயிற்சி பெற்றவரல்லர். உடனிருந்த தாய்மாரும் உறவினருமே. நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, 4க்கும் கீழே இறங்கியது. குளுக்கோசு குடற்சுவரைக் கடக்கையில் உப்பையும் உடன் அழைத்துச் செல்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. காலராவிலும் இவ்வழி அடைபடுவதில்லை. ஏழையின் கைக்கு எட்டிய வைத்தியம் இது என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி!

எனினும், நினைவிழந்தவருக்கும், விழுங்க இயலாதவருக்கும், உடல்நீர் வற்றித் துவண்டவருக்கும் சிரைவழியே உயிர் காக்கும். அங்கே கரைசலைப் புகட்டிக்கொண்டு காலங்கடத்தலாகாது. பாம்புக்கடி மருந்தும் அத்தகையதே. சிரைவழி ஏற்றவேண்டிய அதனைக் கடிவாயில் குத்துதல் தவறு.

வீடுகளுக்குச் செல்லும்போது உப்புக்கரைசல் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். 200 மில்லி நீருக்குரிய சிறு பொட்டலமும், ஒரு லிட்டருக்குரிய பெரிய பொட்டலமும் கடைகளில் உள்ளன. பெரியதை ஒரு தம்ளர் நீரில் கலக்கினால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடாகும். எழுத்தறியாத தாயாயின், அவர் வீட்டுப் பாத்திரத்திலேயே நீரை அளந்து காட்டுங்கள். காய்ச்சி ஆறிய நீரில் கலக்கி, கரண்டி கரண்டியாகப் புகட்டச் சொல்லுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்கலாம். ஒரு நாள் கடந்த கரைசலைக் கொட்டிவிட வேண்டும்.